விண்ணப்பத்தின் கடைசிப் பக்கம்: பிரிட்டனில் வேலை தேடும் தமிழருக்கு

பிரிட்டனுக்கு வந்து முதல் வேலை விண்ணப்பத்தை நிரப்புகிறவர்கள் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் தயங்கி நின்றுவிடுகிறார்கள். உங்கள் இனப் பின்னணி என்ன என்று கேட்டு அங்கே வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர், சீனர் என்று தனித்தனிக் கட்டங்கள். இலங்கைத் தமிழருக்குத் தனிக் கட்டம் பெரும்பாலும் இருக்காது. 'வேறு ஆசியப் பின்னணி' என்பதைக் குறித்துவிட்டு, பக்கத்தில் இடம் விட்டிருந்தால் எழுதிக்கொள்ள வேண்டும்.

வார இறுதிகளில் புதிதாக வந்தவர்களின் விண்ணப்பங்களைச் சரிபார்த்துக் கொடுத்து வருகிறேன். ஒரே நாளில் இருவர் இந்தப் பக்கத்தைக் காட்டிக் கேட்டார்கள். மதுரையிலிருந்து வந்த தம்பி, "இதைக் குறித்தால் நமக்கு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்குமா அண்ணா?" என்றார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அக்கா, "குறித்தால் வெட்டிவிடுவார்களோ தம்பி?" என்றார். முன்னவர் 69 சதவீத இடஒதுக்கீடு நடைமுறையில் உள்ள மாநிலத்தில் படித்து வளர்ந்தவர். பின்னவரின் தந்தை 1970களின் தொடக்கத்தில் இலங்கை அரசு பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ் மாணவரிடம் கூடுதல் புள்ளிகள் கேட்ட தரப்படுத்தலில், போதுமான புள்ளிகள் இருந்தும் பல்கலைக்கழக இடத்தை இழந்தவர். நம்மில் ஒரு பகுதியினருக்கு இனத்தையோ சாதியையோ கேட்பது கதவு திறக்கும் ஓசை. இன்னொரு பகுதியினருக்கு அது கதவு சாத்தப்படும் ஓசை. இரண்டு நினைவுகளும் உண்மையானவை. ஆனால் இந்த நாட்டின் சட்டத்தை அந்த இரண்டில் எதை வைத்தும் புரிந்துகொள்ள முடியாது.

அதனால் முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன்: தயங்காமல் குறியுங்கள். முறையாக நடக்கும் நிறுவனங்களில் அந்தப் பக்கம் தனியே பிரிக்கப்பட்டு, தேர்வுக் குழுவின் கண்ணில் படாமல் கணக்கெடுப்புக்கு மட்டும் போகிறது. எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் நேர்காணலுக்கு அழைக்கப்பட்டார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று பின்னணி வாரியாகப் பார்க்கத்தான் அது. குறிப்பதால் வேலை கிடைக்காது. குறிப்பதால் வேலை போகவும் கூடாது. சொல்ல விருப்பமில்லை என்ற கட்டமும் உண்டு. ஆனால் நம்மவர்கள் எல்லோரும் அதையே குறித்தால், நாம் எந்தப் படியில் கழித்துவிடப்படுகிறோம் என்பது எவருக்கும் தெரியாமலே போய்விடும்.

பிரிட்டனில் இனத்தின் பேரில் வேலை ஒதுக்கீடு கிடையாது. இதை அழுத்தமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வந்த ஆறு மாதத்துக்குள் யாராவது ஒருவர், "உன்னை எண்ணிக்கைக்காக எடுத்தார்கள்" என்று உங்களிடம் சொல்லுவார். எனக்குப் பதவி உயர்வு கிடைத்த வாரம் ஒரு சக ஊழியர் என் முகத்துக்கு நேரே சொன்னார். பதில் தெரியாமல் நின்றேன். அன்று நான் அறிந்திருக்க வேண்டியது இதுதான்: 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, ஒருவரைவிடத் தகுதி குறைந்த இன்னொருவரை அவருடைய இனத்துக்காக வேலைக்கு எடுப்பது சட்டவிரோதம். அதைத்தான் இங்கே நேர்மறைப் பாகுபாடு என்கிறார்கள்.

சட்டம் அனுமதிப்பது நேர்மறை நடவடிக்கையை. பெயர்கள் ஒட்டியிருப்பதால் குழப்பம், ஆனால் இடையே பெரிய வேறுபாடு இருக்கிறது. ஒரு துறையில் ஒரு பின்னணியினர் மிகக் குறைவாக இருந்தாலோ, அவர்களுக்குத் தனித்த பின்னடைவு இருந்தாலோ, அதைச் சரிசெய்ய நிறுவனம் அளவான நடவடிக்கை எடுக்கலாம் என்கிறது 158ஆம் பிரிவு. பயிற்சி வகுப்பு, வழிகாட்டும் மூத்த ஊழியர், குறிப்பிட்ட சமூகத்தினர் பார்க்கும் இடத்தில் விளம்பரம் போன்றவை இதில் அடங்கும். 159ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. இருவர் சமதகுதியுடன் நிற்கும்போது மட்டும், குறைவாக உள்ள பிரிவைச் சேர்ந்தவரைத் தேர்ந்தெடுக்கலாம். அதுவும் ஒவ்வொரு முறையும் தனியாக எடைபோட்டு; 'எப்போதும் இவர்களுக்கே' என்று நிரந்தர விதி வைக்கக் கூடாது.

அந்தக் கோட்டைத் தாண்டியவர்கள் மாட்டியிருக்கிறார்கள். செஷயர் காவல்துறை ஒரு தேர்வில் 127 பேரைச் சமதகுதி உடையவர்களாகக் கருதி, அதற்குப் பிறகு இந்தப் பிரிவைப் பயன்படுத்தியது. தேர்வாகாத வெள்ளை இன இளைஞர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். அத்தனை பேரும் உண்மையில் சமம் என்று ஏற்க முடியாது என 2019இல் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பிரிட்டிஷ் விமானப்படையும் பெண்களையும் சிறுபான்மையினரையும் முன்னே தள்ளும் அவசரத்தில் வெள்ளை இன ஆண்களைப் பின்னுக்குத் தள்ளியதை 2023இல் ஒப்புக்கொண்டது. 31 பேருக்கு இழப்பீடு தரப்பட்டது. ஆக, சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். உங்களுக்குக் கிடைத்த வேலை உங்கள் தகுதிக்குக் கிடைத்தது.

இரண்டு விதிவிலக்குகளைத் தெரிந்துகொள்ளுங்கள். மாற்றுத்திறனாளி ஒருவரை மற்றவரைவிடச் சாதகமாக நடத்துவது சட்டப்படி செல்லும். குறைந்தபட்சத் தகுதி இருந்தால் நேர்காணல் உறுதி என்று சில நிறுவனங்கள் அறிவிக்கின்றன. உங்களுக்குப் பொருந்தினால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். மற்றொன்று வட அயர்லாந்து. அங்கே தனிச் சட்டங்கள். அங்குள்ள காவல்துறையில் 2001 முதல் 2011 வரை கத்தோலிக்கர் பாதி, மற்றவர் பாதி என்று ஆள் எடுத்தார்கள். சுமார் 8 சதவீதமாக இருந்த கத்தோலிக்கர் பங்கு 30 சதவீதத்தை நெருங்கியது. இந்த நாட்டில் உண்மையான ஒதுக்கீடு எப்படி இருக்கும் என்பதற்கு நான் காட்டக்கூடிய ஒரே உதாரணம் அதுதான். அதுவும் இனத்துக்காக வந்ததல்ல, காலக்கெடுவோடு வந்து முடிந்துபோனது.

இவ்வளவு கட்டுப்பாடு இருந்தும் விவாதம் ஏன் ஓயவில்லை? விண்ணப்பம் முதல் மேசையைத் தாண்டுவதே பலருக்குக் கடினமாக இருப்பதால்தான். 2009இல் அரசின் வேலை மற்றும் ஓய்வூதியத் துறைக்காக ஓர் ஆய்வு நடந்தது. தகுதி ஒன்று, பெயர் மட்டும் வேறு. வெள்ளை இனப் பெயருக்கு 9 விண்ணப்பங்களில் ஒரு நல்ல பதில் வந்தது. சிறுபான்மைப் பெயருக்கு 16 அனுப்ப வேண்டியிருந்தது. பத்தாண்டு கழித்து ஆக்ஸ்ஃபோர்டின் நஃபீல்ட் கல்லூரி ஆய்வாளர்கள் ஏறத்தாழ 3,200 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். பெரும்பான்மையினருக்கு 24 சதவீதம், சிறுபான்மையினருக்கு 15 சதவீதம் பதில். நம்மவர்கள் ஏராளமாகப் பணிபுரியும் தேசிய சுகாதார சேவையின் சொந்தக் கணக்கெடுப்பே, இறுதிப் பட்டியலுக்கு வந்த பிறகும் வெள்ளை இனத்தவர் தேர்வாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு என்று காட்டுகிறது.

இதைப் படித்துவிட்டு, ஒதுக்கீடே தேவை என்பவர்கள் இருக்கிறார்கள். ஒதுக்கீடு வந்தால் உழைத்து வந்தவர் மீதும் முத்திரை விழும் என்று அஞ்சுபவர்களும் இருக்கிறார்கள். அந்த முத்திரையின் எடை எனக்குத் தெரியும், அதனால் இரண்டாவது கவலையை அற்பமானது என்று தள்ள மாட்டேன். ஆனாலும் சமதகுதி வந்த பிறகு மட்டும் கை கொடுக்கும் 159ஆம் பிரிவு, முதல் மேசையிலேயே கழிக்கப்பட்டவருக்கு எந்த விதத்திலும் உதவுவதில்லை. பெயரை மறைத்து விண்ணப்பங்களைப் படிப்பதும், எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் போடுவதும் அந்த மேசையைச் சரிசெய்யும். அதற்காகத் தொழிற்சங்கங்கள் போராடுகின்றன. நீங்களும் ஒரு சங்கத்தில் சேருங்கள். வேலையில் சேர்ந்த முதல் மாதமே சேருங்கள், ஏனென்றால் பிரச்சினை வந்த பிறகு சேர்ந்தால் பழைய விவகாரத்தை எடுக்கச் சங்கங்கள் தயங்கும்.

பெயரைப் பற்றியும் கேட்கிறார்கள். சுருக்கி எழுதலாமா, ஆங்கிலப் பெயர் வைத்துக்கொள்ளலாமா? அது உங்கள் விருப்பம், எவரும் குறை சொல்லக் கூடாது. நான் என் முழுப் பெயரையே எழுதுகிறேன். எதைத் தேர்ந்தாலும் கடவுச்சீட்டு, சான்றிதழ், விண்ணப்பம் மூன்றிலும் பெயர் ஒத்திருக்கட்டும். தந்தை பெயரா குடும்பப் பெயரா என்ற குழப்பத்தால் வேலை தள்ளிப்போனவர்கள் நம்மில் அதிகம்.

நிறத்துக்காகவோ நாட்டுக்காகவோ நேரடியாக மறுப்பது எளிதில் புரியும். மறைமுகமானதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். எல்லோருக்கும் ஒரே விதி போலத் தோன்றும், ஆனால் ஒரு பின்னணியினரையே அதிகம் கழிக்கும். கிடங்கில் பெட்டி தூக்கும் வேலைக்கு ஐந்தாண்டு பிரிட்டன் அனுபவம் கேட்பது அப்படிப்பட்டது. வேலைக்கு அது உண்மையில் தேவை என்று நிறுவனம் நியாயப்படுத்த வேண்டும். உச்சரிப்பைக் கேலி செய்துகொண்டே இருப்பது தொல்லைப்படுத்தல். வேலையில் சேராத விண்ணப்பதாரருக்கும் ஏஜென்சி ஊழியருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. முதல் நாளிலிருந்தே உண்டு.

அப்படி நடந்தால் அன்று இரவே எழுதி வையுங்கள்: தேதி, நேரம், சொன்ன சொற்கள், பக்கத்தில் இருந்தவர்கள். தேர்வாகாததற்குக் காரணம் கேட்டு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி உங்களைப் பற்றிய நேர்காணல் குறிப்புகளைக் கேட்டு வாங்கலாம். பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். பாகுபாடாக இருக்கலாம் என்று முடிவு செய்யும் அளவுக்கு நீங்கள் சான்று காட்டிவிட்டால், அப்படி இல்லை என்று நிரூபிக்கும் சுமை நிறுவனத்தின் மீது விழும்.

தீர்ப்பாயத்துக்குப் போகும் முன் அக்காஸ் என்ற சமரச அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். சம்பவம் நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு, அதுதான் கெடு. அதை நீட்டிக்கும் ஏற்பாடுகள் நடக்கின்றன, ஆனால் அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். நிறுவனத்துக்குள்ளேயே புகார் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்து, இந்தக் கெடுவைத் தவறவிட்டவர்களை நான் அறிவேன். அவர்களின் வழக்குகள் வலுவானவை, அதனால்தான் இன்னும் வலிக்கிறது. தீர்ப்பாயக் கட்டணம் 2017இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் நீங்கிவிட்டது. சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்தில் இலவசமாகக் கேட்கலாம்.

ஸ்பான்சர் விசாவில், அதாவது வேலை தரும் நிறுவனத்தின் பொறுப்பில் பெற்ற விசாவில், இருப்பவர்களின் அச்சம் வேறு. வேலை போனால் பொதுவாக 60 நாட்களுக்குள் புதிய ஸ்பான்சரைத் தேட வேண்டும் என்பதால் வாயைத் திறக்கவே பயப்படுகிறார்கள். புகார் கொடுத்ததற்காகத் தண்டிப்பதைச் சட்டம் தடுக்கிறது. ஆனால் சட்டம் தடுப்பதும் வாடகை கட்டுவதும் வேறு வேறு என்பதை உணர்ந்தே சொல்கிறேன்: புகாருக்கு முன்பே குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் பேசுங்கள், மாற்று வேலை தேடத் தொடங்குங்கள், குறிப்புகளை வீட்டில் வையுங்கள்.

கடைசியாக நம் வீட்டு விஷயம். புதிதாக வருபவர்களில் பலருக்கு முதல் வேலை தருவது தமிழரின் கடையோ உணவகமோதான். அந்த உதவியை மறக்கக் கூடாது. ஆனால் "ஊரில் எந்தப் பக்கம்?" என்று தொடங்கி, அப்பா பெயர், கோயில் என்று சுற்றிவந்து சாதியில் முடிகிற விசாரணையை அங்கேதான் கேட்கிறேன். வேலை நேரமும் சம்பளமும் சில இடங்களில் அதற்கேற்ப மாறுகின்றன. சமத்துவச் சட்டத்தில் சாதி என்ற சொல் தனியாகச் சேர்க்கப்படவில்லை; சேர்க்கப்போவதில்லை என்று அரசு 2018இல் அறிவித்தது. ஆனால் சாதிப் பாகுபாடு இனத்தோற்றம் என்பதற்குள் அடங்கக்கூடும் என்று 2014இலேயே மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொல்லியிருக்கிறது. எனவே தமிழ் முதலாளி சாதி பார்த்தாலும் வெள்ளை முதலாளி நிறம் பார்த்தாலும் நீங்கள் போக வேண்டிய இடம் ஒன்றே. அதே அக்காஸ், அதே மூன்று மாதக் கெடு.