64 ஜிபி பென் டிரைவ் 59 காட்டுகிறதா?

புது பென் டிரைவ் வாங்கினால், அட்டையில் போட்டிருக்கும் ஜிபி எண்ணை 0.93ஆல் பெருக்கிப் பாருங்கள். விண்டோஸ் ஏறக்குறைய அதைத்தான் காட்டும்: 64-க்கு 59.5, ஆயிரத்துக்கு 931. கடைக்காரரிடம் சண்டை வேண்டாம். தயாரிப்பாளருக்கு ஒரு ஜிபி என்பது நூறு கோடி பைட். விண்டோஸுக்கோ 1024×1024×1024, அதாவது 107 கோடிக்கும் மேல். அரிசி அதேதான், அளக்கிற படி பெரிது. அதனால் எண்ணிக்கை குறைகிறது.

ரேமுக்கு இந்தக் கணக்கு உதவாது. அதை விற்பதே 1024 கணக்கில்தான். மேக்கிலும் வேண்டாம், அது தயாரிப்பாளர் கணக்கையே பின்பற்றுகிறது. போனில் இடம் குறைவதற்கு சிஸ்டம் ஃபைல்களும் காரணம். ஆனால் காலியான 64 ஜிபி டிரைவ் 50-ஐக்கூடத் தொடவில்லையா? முதலில் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியில் பார்ட்டிஷனை, அதாவது டிரைவ் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். அங்கே டிரைவின் மொத்த அளவே குறைவென்றால் பில்லோடு கடைக்குக் கிளம்புங்கள்.