பழைய பென்ஸ் வாங்கப் போகிறவருக்கு

சொகுசுக் கார் பழசானால் அதன் விலை இறங்கும். உதிரிபாகத்தின் விலை இறங்காது. இந்தக் கணக்கு பிடிபடாமல் வாங்குகிறவர்கள் வண்டியைத் திட்டிக்கொண்டே அடுத்தவர் தலையில் கட்டிவிடுகிறார்கள். அப்படித் திட்டு வாங்கிய வண்டி ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது: 1990ஆம் ஆண்டு மெர்சிடிஸ் பென்ஸ் 300 இ. டபிள்யூ124 என்று சொல்கிறார்களே, அந்த வகை. ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர், மூன்று லிட்டர் பெட்ரோல் எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர். கீழே எழுதுவது அதை வைத்துத்தான். ஆனால் அந்தக் காலத்துப் பெரிய கார்கள் பலவற்றுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

இந்த வண்டிகளில் எஞ்சினும் கியர்பாக்ஸும் அவ்வளவு சீக்கிரம் படுத்துவிடுவதில்லை. கெட்டுப்போவது பெரும்பாலும் மூன்று: இறுகிய ரப்பர், அழுக்கேறிய மின்தொடர்பு, காற்று கசியும் குழாய். மூன்றுமே மலிவானவை. ஆனால் அவை காட்டும் அறிகுறிகள் விலையுயர்ந்த பாகம் போய்விட்டது போலவே இருக்கும். அதனால், எந்தக் கோளாறு வந்தாலும் இந்த மூன்றையும் பார்த்து முடிக்கும்வரை பெரிய பாகம் எதையும் வாங்காதீர்கள்.

வாங்கும்போது பெயிண்டின் பளபளப்பைப் பார்க்காதீர்கள், அடியில் பாருங்கள். 1989க்குப் பிறகு வந்த வண்டிகளின் பக்கவாட்டில், கதவுகளின் கீழ்ப்பாதியை மூடி அகலமான பிளாஸ்டிக் பலகைகள் இருக்கும். பார்க்க அழகுதான், துருவை மறைப்பதிலும் கெட்டிக்காரத்தனம் உண்டு. ஜாக்கி வைக்கும் இடங்களில் சின்ன மூடிகள் இருக்கும். அவற்றைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்து, விரலை விட்டுப் பாருங்கள். ஈரமான துருத்தூள் விரலில் ஒட்டினால் பேரத்தை நிறுத்திவிடலாம். பேட்டரியைத் தூக்கி, அது உட்கார்ந்திருந்த தட்டையும் பார்க்க வேண்டும். எஞ்சினைத் திரும்பக் கட்டலாம், உளுத்துப்போன உடம்பைக் கட்ட முடியாது.

எஞ்சின் ஆறியிருக்கும்போதே போய்ச் சேருங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், விற்பவர் உங்களுக்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார் என்று பொருள். எதற்காக என்று யோசியுங்கள்.

1992 முதல் 1995 வரை வந்தவற்றை எடுப்பதானால் எஞ்சினில் ஓடும் வயர்களின் கட்டு எப்படி இருக்கிறது என்று அவசியம் பார்க்க வேண்டும். அந்த ஆண்டுகளில் பயன்படுத்திய காப்புறை எஞ்சின் சூட்டில் காய்ந்து உதிர்ந்துவிடும். வயரை லேசாக வளைத்தாலே பொடிப்பொடியாகக் கொட்டும், உள்ளே செம்பு தெரியும். புது வயர் கட்டு போட்ட ரசீது இருந்தால் வாங்கலாம். இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். நான் 1990ஆம் ஆண்டு வண்டியைத் தேடிப் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் முந்தைய உரிமையாளர் என்ன சொல்லியிருந்தாலும் சரி, எல்லாத் திரவங்களையும் மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது விதி. டயரின் பட்டன் தேயாமல் இருந்தாலும் வயதைப் பாருங்கள்: பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், பின் இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது.

இனி மின்சாரம். இங்கேதான் நிறையப் பேர் பணத்தைக் கரைக்கிறார்கள். இந்த வண்டியின் பியூஸ்கள் இப்போதுள்ள தட்டையான வகை அல்ல. இரு முனையும் கூம்பிய சின்னக் குப்பிகள். வெள்ளை 8 ஆம்பியர், சிவப்பு 16, நீலம் 25. பியூஸ் எரிந்திருக்காது, ஆனால் முனை படும் இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் படிந்திருக்கும். ஒரு நாள் ஜன்னல் கண்ணாடி இறங்காது, மறுநாள் தானாகவே வேலை செய்யும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு பியூஸையும் இருந்த இடத்திலேயே விரலால் நாலு சுற்றுச் சுற்றுங்கள். படலம் உராய்ந்து போகும். வசதிப்படும்போது எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, செம்பில் செய்த புதியவற்றைப் போடுங்கள். அலுமினிய வகை வேண்டாம், அதுதான் சீக்கிரம் கறுக்கிறது.

அடுத்தது, இந்த வகைக்கே உரிய ஒரு வில்லன்: மிகை மின்னழுத்தத் தடுப்பு ரிலே. பேட்டரிக்குப் பின்னால், தடுப்புப் பலகையை எடுத்தால் தெரியும் வெள்ளி நிற அலுமினியப் பெட்டி. தலையில் ஒளி ஊடுருவும் மூடிக்குள் சிவப்பு பியூஸ். எரிபொருள் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸுக்கும் இதன் வழியாகத்தான் மின்சாரம் போகிறது. எனவே இது தகராறு செய்தால் ஏபிஎஸ் விளக்கு எரியும், கூடவே ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது, அதன் வேகம் ஏறி இறங்கும். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு கோளாறுகள் ஒரே சமயத்தில் வந்திருப்பதாகத் தோன்றும். ஒரு பணிமனையில் என்னிடம் ஏபிஎஸ் பம்ப், எரிபொருள் பங்கீட்டுக் கருவி இரண்டையும் மாற்றச் சொன்னார்கள். நான் கும்பிடு போட்டுவிட்டு வந்து இந்தப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே பலகையில் பற்றவைத்த ஈயப் புள்ளிகளைச் சுற்றி முடி போல மெல்லிய வளைய விரிசல். உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் தெரியாது. சால்டரிங் அயர்னைச் சூடாக்கி, புது ஈயம் விட்டதும் விளக்கு அணைந்தது, ஐடிலும் சீரானது. இது தற்காலிக வைத்தியம் என்றுதான் சொல்வேன். புது ரிலே வந்ததும் அதைப் போட்டுவிடுங்கள்.

மூன்றாவது, காற்று. இந்த வண்டியின் கதவுப் பூட்டுகள் வேக்குவத்தில், அதாவது குழாயில் காற்றை உறிஞ்சும் விசையில், இயங்குபவை. சாவியைத் திருப்பியதும் பம்ப் சற்று நேரம் ஓடி நின்றுவிட வேண்டும். நிற்காமல் முனகிக்கொண்டே இருந்தால் எங்கோ கசிவு. பம்பை மாற்றாதீர்கள், பாவம், அது ஓடி ஓடிக் களைக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு கிளைக் குழாயாக அடைத்துப் பாருங்கள். எதை அடைத்ததும் பம்ப் உடனே நிற்கிறதோ அந்தக் கதவில்தான் கசிவு.

எஞ்சினைத் தாங்கி நிற்கும் ரப்பர் தாங்கிக்கு, அதாவது மவுண்டுக்கும், ஒரு சோதனை உண்டு. பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரை ‘டி’யில் போடுங்கள். ஸ்டீயரிங்கும் இருக்கையும் நடுங்கி, ‘என்’னுக்கு (நியூட்ரல்) மாற்றியதும் நடுக்கம் அடங்கினால் முதல் சந்தேகம் மவுண்ட் மேல்தான். ரப்பருக்குள் திரவம் நிரப்பிய வகை இது. திரவம் கசிந்து எஞ்சின் கீழே உட்கார்ந்திருக்கும். இரண்டு பக்கத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் எஞ்சின் சாய்ந்து நிற்கும்.

கை வைக்கக் கூடாத இடங்களும் உண்டு. இதன் எரிபொருள் குழாயில் 5 பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும். எஞ்சினை நிறுத்திய பிறகும் அந்த அழுத்தம் உடனே இறங்காது. அழுத்தத்தை இறக்கத் தெரியாமல் ஸ்பானரை வைத்தால் பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும், பக்கத்திலேயே சூடான எஞ்சின். முன்பக்கச் சுருள் ஸ்பிரிங்கைக் கழற்ற அதற்குரிய கருவி வேண்டும். அது இல்லாமல் தொடாதீர்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது, ஸ்டாண்டு வைத்த பிறகுதான். சக்கர போல்ட்டுகளை, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் 110 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள். காலால் ஏறி மிதித்து முறுக்குவது வேண்டாம்.

கோளாறே இல்லாததைக் கோளாறு என்று நினைத்துச் செலவழிப்பவர்களும் இருக்கிறார்கள். இந்த கியர்பாக்ஸ் மெதுவாக மிதித்தால் இரண்டாவது கியரிலேயே புறப்படும். முதல் கியர் வேண்டுமென்றால் அழுத்தி மிதிக்க வேண்டும். ‘பிக்-அப் இல்லை, கியர்பாக்ஸ் போய்விட்டது’ என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். ஒற்றை வைப்பர் மூலைக்குப் போகும்போது நீண்டு, நடுவில் சுருங்குவதும் அப்படியே வடிவமைத்ததுதான். ஆனால் அந்த அசைவில் திணறலோ கறகற சத்தமோ வந்தால் உள்ளே கிரீஸ் காய்ந்திருக்கிறது. வைப்பர் மோட்டாரைச் சாகடிப்பதற்குள் கழற்றிச் சுத்தம் செய்து புது கிரீஸ் வையுங்கள்.

உதிரிபாகம் கேட்கும்போது மாடல் பெயரைச் சொல்லாதீர்கள், 17 இலக்க சேசிஸ் எண்ணைக் கொடுங்கள். ஒரே ஆண்டில், ஒரே பெயரில் வந்த இரண்டு வண்டிகளுக்கு பிரேக் டிஸ்க்கின் அளவுகூட வேறாக இருக்கலாம். பழைய பாகத்தின் மேல் பொறித்த எண்ணையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதுப் பெட்டியைப் பிரிக்கும் முன் இரண்டையும் ஒத்துப் பார்த்துவிட்டால் திருப்பி அனுப்பும் வேலை மிச்சம்.