காரின் ஏர் ஃபில்டரை வீட்டிலேயே மாற்றும் முறை

ஒரு லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்கு எஞ்சினுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று தேவைப்படுகிறது. ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற கணக்கிலிருந்து வரும் அளவு இது. 35 லிட்டர் கொள்ளும் தொட்டி ஒருமுறை நிரம்பித் தீர்வதற்குள் மூன்று லட்சம் லிட்டருக்கும் மேற்பட்ட காற்று, மடித்து வைத்த ஒரு தாளின் வழியாக எஞ்சினுக்குள் போகிறது. சாலைத் தூசியில் கணிசமான பங்கு சிலிக்கா, அதாவது மணல். அது உள்ளே போனால் சிலிண்டர் சுவருக்கும் பிஸ்டன் வளையத்துக்கும் இடையிலுள்ள எண்ணெய்ப் படலத்தில் கலந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதைப் போல இரண்டையும் தேய்க்கத் தொடங்கும். ஏர் ஃபில்டரை மாற்றுவது பத்து நிமிட வேலைதான் என்றாலும், அந்தப் பத்து நிமிடத்தில் ஃபில்டரின் விளிம்பு டப்பாவில் சரியாகப் பொருந்தாமல் போனால், பழைய ஃபில்டரையே விட்டுவைத்திருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்கும் என்ற நிலை வந்துவிடும்.

அழுக்கேறிய ஃபில்டரால் மைலேஜ் குறையும் என்று பலரும் சொல்கிறார்கள். கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிகளில் அது ஓரளவு உண்மை. ஆனால் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், கணினி கட்டுப்படுத்தும் எரிபொருள் ஊசிகள் கொண்ட வண்டிகளில் ஃபில்டர் அடைத்திருந்தபோதும் மைலேஜ் குறிப்பிடும்படி மாறவில்லை. வேகமெடுக்கும் திறன்தான் குறைந்தது. காற்று குறைந்தால் கணினி பெட்ரோலையும் அதற்கேற்பக் குறைத்துவிடுவதே இதற்குக் காரணம். ஆகவே மைலேஜ் குறையட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பதில் பயனில்லை.

எப்போது மாற்ற வேண்டும் என்பதற்கு வண்டியோடு வந்த கையேட்டில் ஒரு கிலோமீட்டர் கணக்கு இருக்கும். தூசி மிகுந்த சாலைகளில் ஓடும் வண்டிக்கு அதைவிட முன்னதாகவே மாற்றச் சொல்லும் குறிப்பும் அதே பக்கத்தில் இருக்கும். கல்குவாரி லாரிகள் ஓடும் சாலையிலோ மேம்பால வேலை நடக்கும் சாலையிலோ தினமும் போய்வருபவர்கள் இரண்டாவது கணக்கைத்தான் பின்பற்ற வேண்டும்.

புதிய ஃபில்டரை வாங்கும்போது வண்டியின் மாடலோடு, தயாரித்த ஆண்டையும் பெட்ரோலா டீசலா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரே பெயரில் ஓடும் வண்டிகளுக்குள்ளேயே எஞ்சின் மாறினால் ஃபில்டரின் அளவும் மாறும். ஏசி ஃபில்டர் என்பது வேறு. அது பெரும்பாலான வண்டிகளில் முன்னிருக்கைக்கு எதிரேயுள்ள கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். கடையில் இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிடுவது உண்டு என்பதால், அட்டைப்பெட்டியைப் பிரித்துப் பார்த்தே வாங்குவது நல்லது. போலிச் சரக்கை விளிம்பில் கண்டுபிடித்துவிடலாம்: சுற்றியுள்ள ரப்பர் ஒரே தடிமனில், விரலால் அழுத்தினால் அமுங்கி உடனே எழும்பும்படி இருக்க வேண்டும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் எஞ்சினை அணைத்த பிறகும் ரேடியேட்டர் மின்விசிறி தானாகச் சுழலத் தொடங்கும். அதன் பக்கம் கையோ துணியோ போகக் கூடாது. பானெட்டைத் தூக்கித் தாங்கு கம்பியைச் சரியாக மாட்டுங்கள். எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் தடித்த, வரிவரியான கறுப்புக் குழாயைப் பின்தொடர்ந்து போனால் அது ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போய் முடியும். ஃபில்டர் இருப்பது அதற்குள்தான்.

திறப்பதற்கு முன் டப்பாவின் மேற்புறத்தையும் மூடி சேரும் இடுக்கையும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மூடியைத் தூக்கியதும் அங்கே படிந்திருக்கும் மண் நேராக உள்ளே விழும். மூடியைச் சில வண்டிகளில் இரும்புக் கிளிப்புகளும், சிலவற்றில் ஸ்குரூக்களும் பிடித்திருக்கும். ஸ்குரூ என்றால் எது எந்தத் துளையிலிருந்து வந்தது என்று வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். மூடியிலோ குழாயிலோ காற்றளவு காட்டும் சென்சாரின் ஒயர் செருகப்பட்டிருக்கலாம். ஒயரைப் பிடித்து இழுக்காமல், அதன் பூட்டை அழுத்திக் கழற்ற வேண்டும்.

பழைய ஃபில்டரைச் சாய்க்காமல் நேராக மேலே தூக்குங்கள். பெரும்பாலான டப்பாக்களில் அழுக்குப் பக்கம் கீழே இருக்கும். வேப்பிலைச் சருகு, செத்த பூச்சி எல்லாம் அங்கேதான் கிடக்கும், சில சமயம் எலி கொண்டுவந்து சேர்த்த பஞ்சும் கிடக்கும். சுத்தமான பக்கத்தைப் பார்ப்பதுதான் முக்கியம். டார்ச் அடித்து மூடியின் உட்புறத்தையும் குழாயின் வாயையும் பாருங்கள். அங்கே தூசியே இருக்கக் கூடாது. முதன்முதலில் நானே ஃபில்டரை மாற்றியபோது மூடியின் பின்பக்க நாக்கு அதன் துளைக்குள் போகாததைக் கவனிக்கவில்லை. முன்பக்கக் கிளிப்புகள் இரண்டும் விழுந்துவிட்டதால் வேலை முடிந்தது என்றே நினைத்தேன். அடுத்தமுறை திறந்தபோது, பின் ஓரத்திலிருந்து குழாயின் வாய்வரை விசிறி விரித்தாற்போல் செம்மண் நிறத்தில் ஒரு தடம் தெரிந்தது. நகக்கண் அளவு இடுக்குதான், ஆனால் எஞ்சின் உறிஞ்சும் காற்று எதிர்ப்புக் குறைவான வழியைத்தான் தேடிப் போகும்.

கீழ் டப்பாவிலுள்ள குப்பையைக் கையால் பொறுக்கியெடுத்து, மீதியை வேக்குவம் கிளீனராலோ ஈரத்துணியாலோ எடுங்கள். அதற்குள் காற்றடித்துச் சுத்தம் செய்யக் கூடாது, ஏனெனில் பறக்கும் தூசி திறந்திருக்கும் குழாய்க்குள் போய்விடும். குழாயின் வாயைத் துணியால் மூடிக்கொள்வதானால், கறுப்புக்கு நடுவே பளிச்சென்று தெரியும் சிவப்போ மஞ்சளோ பார்த்து எடுங்கள். மறந்து உள்ளேயே விட்டு மூடியவர்கள் உண்டு. டப்பாவின் அடியில் நீர் வடியும் துளை இருந்தால் அதன் அடைப்பையும் நீக்கிவிடுங்கள்.

ஃபில்டர் நனைந்திருந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலிலும் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளுக்கு எஞ்சினைக் கிளப்ப வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னதற்குக் காரணம் இந்த வழிதான்: இதன் வழியே சிலிண்டருக்குள் போகும் தண்ணீர் காற்றைப்போல் அமுங்காது, பிஸ்டன் மேலேறும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஃபில்டரில் எண்ணெய் ஊறியிருந்தாலும் மாற்றியதோடு விடாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பழையதையே காற்றடித்துப் போடலாமே என்று கேட்பார்கள். என் கருத்தில் இது ஒன்றிரண்டு முறைக்கு மேல் செய்யத் தகாத சிக்கனம். பஞ்சர் கடையின் காற்று தாளின் இழைகளை விலக்கி, கண்ணுக்குத் தெரியாத துளைகளை உண்டாக்கிவிடும். லேசாகத் தூசி படிந்த தாள் புத்தம்புதுத் தாளைவிட நன்றாக வடிகட்டும் என்பதால், அடிக்கடி எடுத்துத் தட்டுவதில் லாபமும் இல்லை. அவசரத்துக்கு அடிப்பதானால் குறைந்த அழுத்தத்தில், சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கமாக, சற்றுத் தள்ளி நின்று அடியுங்கள். தாள் ஃபில்டரைத் தண்ணீரில் கழுவுவது மட்டும் ஒருபோதும் கூடாது.

இப்போது புதியதைப் பழையதன்மேல் வைத்து நீளம், அகலம், ரப்பரின் தடிமன் மூன்றையும் ஒப்பிடுங்கள். காற்றோட்டத் திசைக்கு அம்புக்குறி இருந்தால் அது எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும். இல்லையென்றால் பழையதன் ரப்பர் எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம். டப்பாவின் பள்ளத்தில் ஃபில்டரை இறக்கி, நான்கு ஓரங்களிலும் விரலை ஓட்டி, எங்கும் மேடு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். துணியை எடுத்துவிட்டு, மூடியின் பின்பக்க நாக்குகளை ஒவ்வொன்றாகத் துளைக்குள் செலுத்திய பிறகே முன்பக்கத்தைத் தாழ்த்துங்கள். இந்த நாக்குகள் பெரும்பாலும் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருப்பதால், கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவித்தான் பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக உட்கார்ந்திருந்தால் கிளிப்புகள் கட்டைவிரல் அழுத்தத்துக்கே விழுந்துவிடும். பலத்தைப் போட வேண்டியிருந்தால் எங்கோ ஒரு நாக்கு வெளியே நிற்கிறது என்று பொருள். மறுபடி தூக்கிப் பாருங்கள். ஸ்குரூக்கள் பிளாஸ்டிக்கில் இறங்குபவை, ஆகவே கைக்கு இறுகியதும் நிறுத்திவிட வேண்டும்.

சென்சார் ஒயரைச் செருகி, குழாயின் கிளாம்பு அசையவில்லை என்று பார்த்துவிட்டு எஞ்சினைக் கிளப்புங்கள். டப்பாவின் பக்கமிருந்து புதிதாக விசில் போன்ற ஒலி வந்தால் இடுக்கு இருக்கிறது. எஞ்சின் விளக்கு அணையாமல் நின்றால் முதலில் அந்த ஒயரைப் பாருங்கள். ஃபில்டரின் ஓரத்தில் தேதியையும் கிலோமீட்டரையும் மார்க்கரால் எழுதிவைப்பது என் வழக்கம், ஆனால் அதை மூடுவதற்கு முன்பே நினைவில் வைத்துச் செய்ய வேண்டும். 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை மூடியைத் திறந்து, அதன் உட்புற ஓரத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் கறை ஒட்டினால், எந்த மூலையைத் துடைத்தபோது ஒட்டியதோ அங்கேதான் விளிம்பு பொருந்தவில்லை.