மூட்டு மாற்று ஆபரேஷன்: மடக்குவதற்கு முன் நீட்டுவதைக் கவனியுங்கள்

முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவரைப் பார்க்க வரும் சொந்தக்காரர்கள் தவறாமல் கேட்பது, “கால் எவ்வளவு மடங்குது?” என்பதைத்தான். கேட்க வேண்டியது வேறு: “கால் முழுசா நீளுதா?” மடக்கம் ஒரு வருடம் வரைகூட மெல்ல மெல்லக் கூடும். நீட்டம் அப்படியல்ல. முதல் ஆறு வாரத்தில் வராத நீட்டத்தை மூன்று மாதம் கழித்து வரவைப்பது பெரும்பாடு. பத்து டிகிரி வளைந்தே நிற்கும் காலில் நடந்தால் தொடைத் தசைக்கு ஓய்வே கிடைக்காது. பத்து நிமிட நடையில் கால் சோர்ந்துவிடும், நடை சாயும், இடுப்பும் வலிக்கத் தொடங்கும்.

மூட்டை அப்படியே பிடுங்கி எடுத்துவிட்டுப் புதிதாகப் பொருத்துவதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் தொடை எலும்பின் கீழ்முனையிலும் கணுக்கால் பக்கம் போகும் பெரிய எலும்பின் மேல்முனையிலும் தேய்ந்த பரப்பைச் சுமார் 8 முதல் 10 மில்லிமீட்டர் சீவி எடுக்கிறார்கள். சொத்தைப் பல்லைச் செதுக்கிக் கேப் போடுவது போல, மேலே கோபால்ட் குரோமியம் உலோக மூடி, கீழே பெரும்பாலும் டைட்டானியம் தட்டு, இரண்டுக்கும் நடுவில் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். எலும்புச் சிமென்ட் வைத்து ஒட்டுவார்கள். பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்துதான் ஆபரேஷன். ஒரு காலுக்கு ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும்.

பணம் பற்றி ஒன்று. 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை மூட்டுக்கு உச்ச விலை நிர்ணயித்தது. பரவலாகப் போடும் கோபால்ட் குரோமியம் வகைக்கு அன்று வைத்த விலை 54,720 ரூபாய், வரி தனி. இன்றைய உச்ச விலையை ஆஸ்பத்திரியிலேயே கேளுங்கள். பில்லில் மூட்டின் விலை தனியாக இருக்க வேண்டும். பெட்டியில் வரும் ஸ்டிக்கர்களை டிஸ்சார்ஜ் ஃபைலில் ஒட்டித் தருவார்கள், தொலைத்துவிடாதீர்கள். பதினைந்து வருடம் கழித்து பிளாஸ்டிக் தேய்ந்து மாற்ற வேண்டி வந்தால், எந்தக் கம்பெனி, என்ன சைஸ் என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

ஆபரேஷனுக்கு முன்

டாக்டர்கள் அதிகம் பயப்படுவது கிருமித் தொற்றுக்கு. புது மூட்டில் கிருமி ஒட்டிக்கொண்டால் மாத்திரைக்கு லேசில் அடங்காது. மறுபடி திறந்து கழுவ வேண்டியிருக்கும், சில சமயம் மூட்டையே கழற்ற வேண்டியிருக்கும். அதனால் மூன்று மாத சராசரி சுகரான ஹெச்பிஏ1சி 7.5 அல்லது 8-க்கு மேல் இருந்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், அது உங்கள் நன்மைக்குத்தான். சொத்தைப் பல், சிறுநீர் எரிச்சல், பித்தவெடிப்பு, கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் இருந்தால் முன்கூட்டியே சொல்லிச் சரிசெய்துகொள்ளுங்கள். வீட்டிலேயே பிளேடு வைத்துக் கால் முடியை மழிக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறலும் கிருமிக்கு வாசல்தான்.

சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் அட்டையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகளையும், டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சுகர் மாத்திரைகளையும் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். எதை, எத்தனை நாள் முன்பு என்பதை மயக்க மருத்துவரே சொல்ல வேண்டும். நீங்களாக நிறுத்தினால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆபத்து.

வீட்டில் முதல் வேலை கழிப்பறை. இந்தியன் டாய்லெட் மட்டுமே இருந்தால், நான்கு கால் உள்ள கமோட் நாற்காலி ஒன்றை ஆபரேஷனுக்கு முன்பே வாங்கி வையுங்கள். பக்கத்துச் சுவரில் கைப்பிடி, தரையில் வழுக்காத ரப்பர் விரிப்பு. உட்கார நல்ல கனமான, கைவைத்த நாற்காலி வேண்டும். லேசான பிளாஸ்டிக் நாற்காலியில் கையூன்றி எழுந்தால் வழுவழுப்பான தரையில் அது நழுவும். கதவோரக் கால்மிதியடி, வழியில் கிடக்கும் ஒயர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். வாக்கரையும் முன்பே வாங்கி நடந்து பழகலாம். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு ரேகை வரும் உயரத்தில் அதன் பிடி இருக்க வேண்டும். பிடி தாழ்ந்தால் முதுகு கூனும்.

ஆஸ்பத்திரியில்

அன்று மாலையோ மறுநாள் காலையோ நிற்கவைத்துவிடுவார்கள். எழுந்ததும் பிபி இறங்கித் தலை சுற்றலாம் என்பதால் கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்த பிறகே நிற்க வேண்டும். வலி தெரியாமலிருக்கக் கால் நரம்பருகே போடும் மரப்பூசி வேலை செய்யும்வரை தொடைக்கு வலு இருக்காது. துணையில்லாமல் பாத்ரூம் போக முயன்று விழுகிறவர்கள் உண்டு.

முதல் நாள் “வலியே இல்லையே” என்று இருப்பவர், இரண்டாம் மூன்றாம் நாள் துடித்துப்போவார். ஏதோ கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். மரப்பூசி இறங்கிவிட்டது, அவ்வளவுதான். வலி வந்த பிறகு மாத்திரை தேடாமல், எழுதிக்கொடுத்த நேரத்துக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு அரை மணி முன்பு ஒரு வேளை அமையும்படி பார்த்துக்கொண்டால் நல்லது. சிறுநீரகக் கோளாறு, அல்சர் உள்ளவர்கள் கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கவே கூடாது. டிரமடால் போன்ற மருந்து மலச்சிக்கல் தரும், அதற்கும் மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தினசரி வேலை

இங்கேதான் தலையணை விஷயம் வருகிறது. படுத்ததும் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் சுகமாக இருக்கும். வீட்டில் யாராவது அன்பாக வைத்தும் விடுவார்கள். கால் நீளாமல் போக இதைவிடக் குறுக்கு வழி கிடையாது. வளைந்த நிலையிலேயே தசையும் தழும்பும் இறுகிவிடும். தலையணை வைப்பதானால் குதிகாலுக்கு அடியில்.

ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்குக் கீழே வையுங்கள். முழங்கால் அந்தரத்தில் நிற்கும். தொடையை இறுக்கி முழங்காலைக் கட்டிலை நோக்கி அழுத்துங்கள், ஐந்து எண்ணுங்கள், விடுங்கள். பத்து தடவை, ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை. சரியாக நீள்கிறதா என்று பார்க்க, துண்டை எடுத்துவிட்டு முழங்காலுக்குப் பின்னால் உள்ளங்கையை நுழையுங்கள். காலை அழுத்தும்போது கை நசுங்க வேண்டும். கை தாராளமாக உள்ளே போய் வந்தால் இன்னும் நீள வேண்டியிருக்கிறது.

மற்றவை எளிது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் பாதத்தை மேலும் கீழும் இருபது தடவை ஆட்டுவது ரத்தம் கட்டாமல் இருக்க. குதிகாலைப் படுக்கையில் இழுத்து மடக்குவது, காலை மடக்காமல் அரையடி தூக்குவது வலு வர. மடக்கம் இரண்டு வாரத்தில் 90 டிகிரியை நெருங்கினால் நல்லது. ஆறு வாரத்தில் 110 வந்தால் போதும், சந்தோஷப்படலாம். ஆறு வாரம் தாண்டியும் 90 எட்டவில்லையென்றால், மயக்கம் கொடுத்து மடக்கிவிட வேண்டுமா என்று டாக்டர் பார்ப்பார். அதற்கும் காலக்கெடு உண்டு, “பார்க்கலாம்” என்று மாதக்கணக்கில் இருந்துவிடாதீர்கள்.

நடக்கும்போது முதலில் வாக்கர், பிறகு ஆபரேஷன் செய்த கால், பிறகு நல்ல கால். படி ஏறும்போது நல்ல கால் முன்னே. இறங்கும்போது ஆபரேஷன் கால் முன்னே. கைத்தடிக்கு மாறியதும் ஆபரேஷன் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும்.

பயிற்சி முடிந்ததும் ஐஸைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம். தைலமோ எண்ணெயோ போட்டு உருவிவிடுவது வேண்டவே வேண்டாம். தையலில் கிருமி ஏறும். கெண்டைக்காலில் ரத்தக்கட்டி இருந்தால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம்.

பயப்பட வேண்டாதது, ஓட வேண்டியது

தொடையில் தோன்றிய கறுநீலம் கணுக்கால்வரை இறங்குவது, மூட்டு மூன்று முதல் ஆறு மாதம் சூடாகவும் வீங்கியும் இருப்பது, நடக்கையில் ‘டிக்’ சத்தம், ஆறு வாரம்வரை இரவுத் தூக்கம் கெடுவது எல்லாம் வழக்கமானவை. தழும்பின் வெளிப்பக்கத்தில் ஒரு திட்டு மரத்திருக்கும். தோலுக்குப் போகும் சிறு நரம்பு அறுபடுவதால் அப்படி. ஓரளவு மரப்பு கடைசிவரை இருக்கலாம்.

தையலிலிருந்து நீர் கசிந்துகொண்டே இருந்தால், சிவப்பு பரவினால், குறைந்த வலி திரும்பக் கூடினால், காய்ச்சல் வந்தால் ஆபரேஷன் செய்த டாக்டரிடமே போங்கள். தெருமுனை மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டால் கிருமி மறைந்துகொள்ளும், டெஸ்ட்டில் பிடிபடாது. கெண்டைக்கால் வீங்கி வலித்தால் அன்றே காட்டுங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் 108.

பிறகு

காயத்தில் போட்ட தையல் கிளிப்பைப் பிரிப்பது பெரும்பாலும் 12 முதல் 14 நாளில். அதுவரை காயம் நனையக் கூடாது. ஆறு வாரத்துக்குப் பின் பலர் தடியையும் விட்டுவிடுவார்கள். டூவீலரில் பின்னால் உட்காருவதற்கும் ஓட்டுவதற்கும் அவசரம் காட்டாதீர்கள். சடாரெனக் காலூன்றும் வலு வந்த பிறகே. சம்மணமிடுவது, குத்தவைப்பது இரண்டையும் பெரும்பாலான டாக்டர்கள் வேண்டாம் என்றே சொல்வார்கள். அதிகம் மடக்கினால் பிளாஸ்டிக்கின் பின் ஓரத்தில் பாரம் ஏறித் தேய்மானம் கூடும். 2019-இல் வெளியான பெரிய ஆய்வொன்றின்படி முழு மூட்டு மாற்றியவர்களில் சுமார் 82 சதவீதம் பேருக்கு மூட்டு 25 வருடம் தாங்குகிறது. ஆனால் ஐந்தில் ஒருவர்வரை முழுத் திருப்தி அடைவதில்லை என்பதும் உண்மை. இதை ஆபரேஷனுக்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

இன்னொரு காலும் வளைந்து தேய்ந்திருந்தால் ஒரு சிக்கல் உண்டு. அந்தக் கால் நீளாததால், நிற்கும்போது உயரம் ஒத்துப்போக ஆபரேஷன் செய்த காலையும் தன்னையறியாமல் மடக்கியே வைப்பார். கஷ்டப்பட்டு வரவைத்த நீட்டம் இப்படியே போய்விடும். இரண்டாவது ஆபரேஷன் வரை, மாற்றாத காலின் செருப்புக்கு அடியில் சிறிது உயரம் கொடுக்கலாமா என்று பிசியோதெரபிஸ்ட்டிடம் கேளுங்கள்.