பூவிலிருந்து வாசனை எண்ணெய்: வீட்டு அடுப்பில் வடிக்கும் முறை

ஒரு கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ ரோஜா எண்ணெய் எடுக்க ஏறத்தாழ 3,500 முதல் 4,000 கிலோ இதழ்கள் வேண்டும். அப்படியென்றால் ஒரு கிலோ இதழுக்குக் கால் கிராம் எண்ணெய்தான். வீட்டுப் பாத்திரத்தில் அதுவும் குறையும். ஆகவே ரோஜாவை வடித்தால் நம் கைக்கு வருவது நல்ல பன்னீரும் அதன்மேல் மினுமினுக்கும் மெல்லிய படலமும்தான். எண்ணெயைத் தனியாகக் கண்ணால் பார்க்க ஆசை என்றால் லாவெண்டரில் தொடங்குங்கள். அதில் எண்ணெய் பல மடங்கு அதிகம். மல்லிகைக்கு இந்த முறையே ஆகாது. அதற்கு வேறு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

பூவைக் காலையில், வெயில் ஏறுவதற்குள் பறியுங்கள். சூடு ஏற ஏற வாசனை காற்றோடு போய்விடும். மருந்து தெளித்த பூ வேண்டவே வேண்டாம்.

பெரிய எவர்சில்வர் பாத்திரம் ஒன்று, நடுவில் குமிழ்ந்த மூடி, உயரம் குறைந்த ஒரு ஸ்டாண்டு, சூடு தாங்கும் கிண்ணம், நிறைய ஐஸ் கட்டி. இவ்வளவு போதும். அலுமினியப் பாத்திரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

1. பாத்திரத்தின் நடுவில் ஸ்டாண்டை வைத்து, சுற்றிலும் இதழ்களைப் போடுங்கள். இதழ் மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். ஸ்டாண்டின் மேல்மட்டம் தண்ணீருக்கு வெளியே இருக்க வேண்டும்.

2. ஸ்டாண்டின் மேல் காலிக் கிண்ணத்தை வையுங்கள். மூடியைத் தலைகீழாகக் கவிழ்த்து மூடுங்கள். மூடியின் குமிழ் கிண்ணத்துக்கு நேர் மேலே வருகிறதா என்று பாருங்கள். இதில் அவசரப்படாதீர்கள்: ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து, துளித்துளியாக உருண்டு, அந்தக் குமிழிலிருந்துதான் சொட்டும். கொஞ்சம் விலகினால் வாசனை எல்லாம் திரும்பப் பாத்திரத்துக்குள்ளேயே விழும்.

3. தண்ணீர் கொதி வந்ததும் தீயைச் சிறிதாக்குங்கள். ஐஸ் கட்டியை ஒரு கெட்டியான பிளாஸ்டிக் பையில் கட்டி மூடிமேல் வைத்தால், உருகியதும் பையை மாற்றுவது சுலபம்.

4. அரைமணி நேரம் கழித்து அடுப்பை அணைத்து, ஆவி முகத்தில் அடிக்காதபடி மூடியைத் திறந்து, கிண்ணத்தில் சேர்ந்ததைத் தனியாக ஊற்றி வையுங்கள். அப்புறம் மறுபடியும் தொடரலாம். முதலில் இறங்குவதுதான் அருமையான வாசனை. நேரம் போகப் போக வேகவைத்த கீரை வாசம் அடிக்கத் தொடங்கும்; அங்கே நிறுத்திவிட வேண்டும். நான் முதல் தடவை இன்னும் கொஞ்சம் கிடைக்கட்டும் என்று விட்டுவைத்து, நன்றாக இறங்கியிருந்ததையும் சேர்த்துக் கெடுத்துக்கொண்டேன். அதனால்தான் தனித்தனியாக எடுக்கச் சொல்கிறேன். பாத்திரத்தில் தண்ணீர் வற்றாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வடித்ததை ஒரு குறுகலான கண்ணாடிக் குப்பியில் ஊற்றி ஆறவிடுங்கள். லாவெண்டர் எண்ணெய் தண்ணீரைவிட லேசானது, மேலே வந்து மிதக்கும். சொட்டுக் குழாயால் உறிஞ்சி எடுக்கலாம். இல்லையென்றால் குப்பியை ஃப்ரீசரில் வையுங்கள்: தண்ணீர் உறைந்துவிடும், எண்ணெய் உறையாது, சாய்த்து வடித்துக்கொள்ளலாம். ரோஜாவுக்கு இது சரிவராது. குளிரில் ரோஜா எண்ணெயே கெட்டியாகிவிடும். அதைப் பன்னீரோடு அப்படியே விட்டுவிடுவதுதான் நல்லது.

சரி, மல்லிகை. கொதி ஆவி பட்டால் அதன் வாசனை குலைந்துபோகும். ஆனால் பறித்த பிறகும் மணிக்கணக்கில் வாசனையைச் சுரந்துகொண்டே இருக்கும் பூ அது. அந்த வாசனையைக் கொழுப்பில் பிடிக்க வேண்டும். சுத்திகரித்த, வாசனை இல்லாத தேங்காய் எண்ணெயை உறைந்த பதத்தில் கண்ணாடித் தட்டில் பரப்புங்கள். மலரப்போகும் மொட்டுகளை ஈரம் இல்லாமல் அதன்மேல் அடுக்கி மூடி, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். மறுநாள் அவற்றை எடுத்துவிட்டுப் புது மொட்டு. இப்படிப் பத்து நாளாவது மாற்றினால்தான் கொழுப்பில் மணம் ஊறும். இதைச் சருமத்தில் நேரடியாகத் தடவிக்கொள்ளலாம்.

வடித்த எண்ணெயை அப்படித் தடவக் கூடாது. ஒரு டீஸ்பூன் சாதாரண எண்ணெயில் ஒன்றிரண்டு சொட்டு போதும். உள்ளுக்குச் சாப்பிடவே கூடாது. குழந்தைகளுக்கும் பூனைகளுக்கும் எட்டாமல் வையுங்கள். எண்ணெய்க்கு அடர்நிறக் கண்ணாடிக் குப்பி. பன்னீரைக் கொதிநீரில் கழுவிக் காயவைத்த பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்து, இரண்டு மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். கலங்கலாகத் தெரிந்தால் கொட்டிவிடுங்கள்.