மைனஸில் இருந்த நெட்வொர்த்தை பிளஸுக்குக் கொண்டுவந்தது

பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்குக் குறைந்தது ஒரு லட்சம் ரூபாய் மூலதனம் என்ற விதியை 2015-லேயே எடுத்துவிட்டார்கள், பத்தாயிரத்தில்கூடத் தொடங்கலாம். ஆனால் ஓவர்டிராஃப்ட் (கணக்கில் இருப்பதைவிட அதிகமாக எடுத்துக்கொள்ளும் கடன் வசதி) கேட்டுப் போனால் வங்கியில் பார்ப்பது நெட்வொர்த்தை, அதாவது சொத்திலிருந்து கடன்களைக் கழித்தால் மிஞ்சுவதை. எங்களுக்கு அது மைனஸ், ஏனென்றால் டைரக்டர்கள் போட்ட பணமெல்லாம் பேலன்ஸ் ஷீட்டில் கடனாகவே நின்றது. அதை அப்படியே பங்காக மாற்ற, கம்பெனிகள் சட்டம் பிரிவு 62(3)-ன்படி கடன் வாங்கும் முன்பே பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் போட்டிருக்க வேண்டும், நாங்கள் போடவில்லை. சரி, ரைட்ஸ் இஷ்யூ (இருக்கிற பங்குதாரர்களுக்கே புதுப் பங்கு கொடுப்பது) என்று முடிவெடுத்தோம். முதலில் அங்கீகரிக்கப்பட்ட மூலதனத்தை, அதாவது கம்பெனி வெளியிடக்கூடிய பங்குகளின் உச்சவரம்பை, உயர்த்தி அதற்கான எஸ்எச்-7 படிவம் தாக்கல் (அரசுக் கட்டணம் கொஞ்சம் கடிக்கும்), அப்புறம் புதுப் பணத்தை வங்கி வழியாகவே போட்டு, பங்கு ஒதுக்கி, 30 நாளுக்குள் பிஏஎஸ்-3 என்ற பங்கு ஒதுக்கீட்டுப் படிவம். அந்தப் பணத்திலேயே பழைய கடனையும் அடைத்தோம். அடுத்த ஆண்டுக் கணக்கைக் காட்டித்தான் ஓவர்டிராஃப்ட் கிடைத்தது.