பால்வாடிக்கு ஆய்வோடு வரும் கல்லூரிக் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர்ப் பக்கம் ஒவ்வொரு கல்வியாண்டும் ஏதாவது ஒரு கல்லூரியில் ஒரு கூட்டுத் திட்டம் தொடங்குகிறது. உளவியல் துறை, கணினித் துறை, செவிலியர் கல்லூரி எல்லாம் சேர்ந்து, சின்னக் குழந்தைகளின் அறிவு வளர்ச்சிக்கு ஏதாவது செய்யலாம் என்று பால்வாடிக்கு வருகிறார்கள். வரட்டும், நிறையப் பேர் வரட்டும்.

இந்த ஊருக்கு அந்த வேலை புதிதல்ல. 2009 இல் தொடங்கி எட்டு நாடுகளில், குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைவையும் குடல் தொற்றையும் பற்றி நடந்த மால்-எட் ஆய்வுக்கு இந்தியாவில் தேர்வான இடம் வேலூர்தான். சிஎம்சி (கிறித்தவ மருத்துவக் கல்லூரி) குழுவினர் நகரத்தின் நெருக்கமான குடியிருப்புகளில் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்தே பின்தொடர்ந்தார்கள். நோய், சாப்பாடு, குடலில் தங்கும் கிருமிகள், வீட்டுச் சூழல் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இரண்டு வயதுக் குழந்தையின் அறிவு வளர்ச்சியைப் பாதிக்கின்றன என்று அந்த எட்டு நாட்டுத் தரவுகளும் சேர்ந்து காட்டின. எந்த ஒரு துறையாலும் தனியாகப் பார்த்துவிட முடியாத விஷயம் இது. கூட்டு முயற்சி தேவைப்படுவது அதனால்தான்.

பல வருடங்களாக இப்படிப்பட்ட குழுக்களுக்கும் பால்வாடிகளுக்கும் நடுவில் நின்று வேலை செய்கிறேன். அனுமதிக் கடிதம் இல்லாமல் வருவது, சொன்ன நேரத்துக்கு வராமல் இருப்பது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை, விட்டுவிடுகிறேன். புதிதாக வருபவர்கள், முன்பு நாங்கள் தடுக்கி விழுந்த அதே இடங்களில் திரும்பத் திரும்ப விழுவதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

ஒரு நாள் சோதனையை வைத்துக் குழந்தைக்கு மதிப்பெண் போடுவது

இதை மட்டும் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

குடியாத்தம் பக்கம் ஒரு மையம். மாணவர்கள் படஅட்டைகளோடு வந்திருந்தார்கள். நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று. பூனைப் படத்தைக் காட்டினார்கள், "பில்லி" என்றாள். தவறு என்று குறித்துக்கொண்டார்கள். நிறங்கள், மேலே கீழே, பெரியது சின்னது என்று அடுத்தடுத்துக் கேள்விகள். பாதிக்கு அவள் வாயே திறக்கவில்லை. தாளின் அடியில் "வயதுக்கு ஏற்ற வளர்ச்சி இல்லை" என்று எழுதினார்கள்.

தாள் அவர்கள் பையிலேயே இருந்திருந்தால் ஆய்வு மட்டும்தான் கெட்டிருக்கும். ஒரு மாணவர் நல்ல எண்ணத்தோடு அதை அம்மாவிடம் காட்டிவிட்டார். பீடி சுற்றும் குடும்பம். வேலையை விட்டுவிட்டு, கடன் வாங்கி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தார்கள். கர்ப்பமாக இருந்தபோதும் உட்கார்ந்து பீடி சுற்றியதால்தான் இப்படி ஆனது என்று மாமியார் மருமகளைக் குற்றம் சொன்னார். வாரக்கணக்கில் குழந்தை மையத்துக்கு வரவில்லை. கடைசியில் டீச்சர்தான் என்னிடம் சொன்னார்: "அவங்க வீட்ல தெலுங்குதாம்பா பேசறாங்க. தெலுங்குல கேட்டா மணிமணியா சொல்லும். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

குடியாத்தம், பேரணாம்பட்டு, காட்பாடி எல்லைக் கிராமங்கள், வேலூர் நகரத்துக்குள்ளேயே பல தெருக்கள் என்று தெலுங்கும் உருதும் வீட்டுமொழியாக இருக்கும் இடங்கள் இங்கே ஏராளம். அந்தக் குழந்தைகளில் பலர் பால்வாடிக்கு வந்த பிறகுதான் தமிழில் பேசப் பழகுகிறார்கள். இரண்டு மொழியில் வளரும் குழந்தைக்கு எத்தனை சொல் தெரியும் என்பதை இரண்டு மொழியையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். ஒன்றை மட்டும் எண்ணினால் எப்போதும் குறைவாகத்தான் வரும். இதோடு, முன்பின் தெரியாத ஆட்கள், காலையில் சாப்பிடாத வயிறு, சளிபிடித்து மந்தமான காது என்று எத்தனையோ காரணங்கள் குழந்தையின் வாயை மூடிவிடும்.

இன்னொன்று, கண்டறியும் முதல்கட்டச் சோதனையும் முழு மதிப்பீடும் வேறு வேறு. திருவனந்தபுரத்தில் உருவான வளர்ச்சிச் சோதனை அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு 17 செயல்கள்தான் அதில் இருந்தன. ஒரு குழந்தை அதில் பின்தங்கினால், "இந்தக் குழந்தையை இன்னும் கவனமாகப் பாருங்கள்" என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை. அறிவுக்கு எண் தருவது அதன் வேலையே இல்லை.

சரி, எப்படிச் செய்வது? சோதனையைத் தயாரிக்கும் முன்பே டீச்சரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். தயாரித்து முடித்துவிட்டு "பார்த்துச் சொல்லுங்கள்" என்று நீட்டினால், அவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். ஒவ்வொரு குழந்தையின் பெயருக்கும் எதிரே வீட்டுமொழியை எழுதி வாங்குங்கள். உருதும் தெலுங்கும் பேசும் மாணவர்கள் உங்கள் வகுப்பிலேயே இருப்பார்கள், அவர்களைக் குழுவில் சேருங்கள். குழந்தை எந்த மொழியில் பதில் சொன்னாலும் அது பதில்தான். அட்டையை டீச்சர் கையில் கொடுத்து அவரையே கேட்கச் சொல்லுங்கள், நீங்கள் தள்ளி உட்கார்ந்து குறித்துக்கொள்ளுங்கள். வேறொரு நாளில் இன்னொரு முறை பாருங்கள். அம்மாவிடம் மதிப்பெண்ணையோ அந்தத் தாளையோ காட்ட வேண்டாம்.

இரண்டாம் முறையும் சந்தேகம் இருந்தால் முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வரும் தேசியக் குழந்தைகள் நலத் திட்ட மருத்துவக் குழுவிடம் டீச்சர் மூலமாகச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் வளர்ச்சிக் குறைபாடுகளைக் கவனிக்கும் மாவட்ட அளவிலான ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அவர்கள் அனுப்புவார்கள். அந்த வழியில் போனால் குடும்பம் கடன் வாங்கி அலைய வேண்டியிருக்காது.

விலை உயர்ந்த பொம்மை, செயலி

ஜமைக்காவில் 1980களில் உடல் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைச் சேர்த்து ஓர் ஆய்வு நடந்தது. அதில் ஒரு பகுதிக் குழந்தைகளின் வீட்டுக்கு, இரண்டு ஆண்டுகள், வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர்கள் போனார்கள். குழந்தையோடு எப்படி விளையாடுவது, பேசுவது என்று அம்மாவுக்குக் காட்டினார்கள். பொம்மைகள் வீட்டில் கிடைத்த பொருள்களால் செய்தவை. 20 ஆண்டு கழித்துப் பார்த்தபோது, விளையாட்டு கிடைத்தவர்களின் வருமானம் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. உங்கள் நிதியைப் பொம்மையிலும் செயலியிலும் கொட்டாமல், வீட்டுக்குப் போகும் ஆளுக்குப் பயிற்சி தருவதில் போடுங்கள்.

"தினமும் எவ்வளவு நேரம் விளையாடுகிறீர்கள்?" என்று கேட்பது

பீடித்தட்டை மடியில் வைத்திருக்கும் அம்மா "எங்கங்க நேரம்?" என்பார். நீங்கள் பூஜ்யம் என்று எழுதிக்கொள்வீர்கள். ஆனால் சமைக்கும்போதும் தண்ணீர் பிடிக்கும்போதும் குழந்தையோடு ஓயாமல் பேசிக்கொண்டிருப்பவரும் அவர்தான். கேள்வித்தாளை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கூட இருந்து பாருங்கள். புகையிலைத் தூளிலிருந்து குழந்தையைத் தள்ளி உட்கார வைக்கச் சொல்லவும் அதுதான் நல்ல சமயம்.

ரத்தசோகையை மறப்பது

முதல் இரண்டு ஆண்டில் இரும்புச்சத்துக் குறைந்தால் மூளை வளர்ச்சி பாதிக்கும். செவிலியர் துறையை முதல் கூட்டத்துக்கே கூப்பிடுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் சோதனை

வேண்டாம். தூங்கும் நேரம்.

குழந்தையின் முகம் தெரியும் படம்

வெளியிடாதீர்கள்.

செமஸ்டரோடு முடிந்துபோகும் திட்டம்

தேர்வு வந்ததும் குழு காணாமல் போய்விடுகிறது. "அக்கா எப்ப வருவாங்க?" என்ற கேள்விக்கு டீச்சர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பதிவேடுகளும் போஷன் டிராக்கர் என்ற அரசின் ஊட்டச்சத்துப் பதிவுச் செயலியும் ஏற்கெனவே அவர் நேரத்தைத் தின்கின்றன, நீங்கள் பாதியில் விட்ட வேலையும் அவர் தலையில்தான் விழும். அதனால் தொடங்கும்போதே ஜூனியர் மாணவர்கள் இரண்டு பேரைக் கூட அழைத்துப் போங்கள், குழந்தைகள் அவர்கள் முகத்துக்கும் பழகட்டும். கண்டுபிடித்ததைக் கருத்தரங்கில் படிக்கும் முன்பு, டீச்சர்களின் மாதாந்திரக் கூட்டத்தில் தமிழில் சொல்லுங்கள். அவர்கள் தவறு என்று சொல்லும் இடங்களை உங்கள் வழிகாட்டியிடம் கொண்டுபோய், அறிக்கையைத் திருத்திய பிறகு அனுப்புங்கள்.